முதல் உற்சாகம் அடங்கிய பிறகு: விசுவாசத்தில் நிலைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட முதல் சில மாதங்கள் வேகமாக ஓடிவிடும். பாடல்கள் புதிது, வசனங்கள் புதிது, கூட உட்கார்ந்து ஜெபிக்கிற மனிதர்களும் புதிது. பிறகு ஒரு நாள் வேதாகமத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் கண்ணில் படும். ஜெபிக்க உட்கார்ந்தால் கடன் தவணையும் ஆபீஸ் வேலையும் முன்னால் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுக்கத் தோன்றும்.

இந்தக் கட்டத்தில் சிலர் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய் இன்னும் அதிகமாகச் செய்யத் தொடங்குகிறார்கள். கூடுதல் உபவாசம், முழு இரவு ஜெபம், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வீட்டுக் கூட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொள்கிறார்கள். கொஞ்ச காலத்தில் இவர்களும் களைத்துப்போய், முதலில் விலகியவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்துசேர்கிறார்கள். உழைப்புக் குறைந்ததால் இவர்கள் விழவில்லை. இளைப்பாறத் தெரியாததால் விழுந்தார்கள்.

புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபம், அதாவது கடிதம், இப்படிக் களைத்துப்போனவர்களுக்காகவே எழுதப்பட்டது. தொடக்கத்தில் அவர்கள் நிந்தையைத் தாங்கினார்கள். தங்கள் ஆஸ்திகள் கொள்ளைபோனதையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள் (10:32-34). காலம் போகப் போகக் கைகள் நெகிழ்ந்தன, முழங்கால்கள் தளர்ந்தன (12:12). சிலர் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்த அந்த நிருபத்தை எழுதியவர் எடுத்த முக்கியமான பேச்சுகளில் ஒன்று இளைப்பாறுதல். மூன்றாம் நான்காம் அதிகாரங்களின் பெரும்பகுதி அதுதான். ஓடி முடித்த பிறகு கிடைக்கும் பரிசாக மட்டும் அவர் அதைப் பேசவில்லை. "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்" என்று திரும்பத் திரும்ப இன்றைக்கே அழைக்கிறார். இந்த வழிகாட்டியும் அந்தப் பாதையில்தான் போகிறது: தினமும் இளைப்பாறக் கற்றுக்கொள்கிறவர்தான் நெடுநாள் நிலைத்திருப்பார்.

முதலில், எதன்மேல் சாய்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நேற்று நீங்கள் ஜெபிக்கவில்லை, வீட்டில் கோபப்பட்டுக் கத்தினீர்கள், வேதமும் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்று காலை தேவன் உங்களை எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது? முதலில் வருகிற பதிலை ஒளிவுமறைவின்றி ஒரு தாளில் எழுதுங்கள். "முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்", "தண்டிக்கக் காத்திருப்பார்" என்று எழுத நேர்ந்தால், களைப்பு எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவருடைய அன்பைத் தினமும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும் என்று உங்கள் உள்மனது நம்புகிறது. அந்த நம்பிக்கையோடு எவராலும் நெடுந்தூரம் போக முடியாது.

எபிரெயர் 10:11-12ஐ எடுத்து மெதுவாக வாசியுங்கள். பழைய ஏற்பாட்டு ஆசாரியர்கள் நாடோறும் நின்றுகொண்டு அதே பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார். யாத்திராகமத்தில், இஸ்ரவேலர் தேவனை வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் பொருட்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன: மேசை, குத்துவிளக்கு, தூபபீடம், பலிபீடம், தண்ணீர்த் தொட்டி. ஆசாரியன் உட்கார ஓர் இருக்கை அந்தப் பட்டியலில் இல்லை. அவன் வேலை முடிவதே இல்லை. சிலுவையில் "முடிந்தது" என்று சொன்னவர் வேலையை முடித்ததால் உட்கார்ந்தார். நம்முடைய இளைப்பாறுதல் அதன்மேல்தான் நிற்கிறது.

இதைப் புரிந்துகொண்டு கடந்துபோவது போதாது, பழக வேண்டும். காலையில் எழுந்ததும், எதையும் செய்வதற்கு முன்னால், "இயேசு செய்து முடித்ததால் இன்று உம்முடைய பிள்ளையாக எழுந்திருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உணர்ச்சி வந்தாலும் வராவிட்டாலும் சொல்லுங்கள். பிறகு ஜெபம், வாசிப்பு, வேலை எல்லாம் வரட்டும்.

அப்படியானால் எதுவும் செய்யாமல் இருந்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மத்தேயு 11ல் "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள்" என்று அழைத்த இயேசு, அடுத்த மூச்சிலேயே "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். நுகம் இருக்கிறது, நடக்க வேண்டியதும் இருக்கிறது. ஆனால் அதைக் கொடுப்பவர் சாந்தமும் மனத்தாழ்மையும் உள்ளவர். கீழே வரும் படிகளை அந்தக் குரலில் கேட்டுச் செய்யுங்கள்.

தினசரி அளவைச் சிறிதாக வையுங்கள்

பதினைந்து நிமிடம் போதும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்களிடம் பலரும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். தினமும் கிடைக்கிற பதினைந்து நிமிடம், வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிற மூன்று மணி நேரத்தைவிட உங்களை ஆழமாக வேரூன்றச் செய்யும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த மன்னா என்ற உணவு அன்றன்றைக்குத்தான் விழுந்தது. நாளைக்கும் சேர்த்து எடுத்து வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறிப்போனது (யாத்திராகமம் 16). அனுதினமும் நம்பக் கற்றுக்கொடுக்கவே தேவன் அப்படிச் செய்தார்.

இடமும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். வீட்டில் தனி அறை இல்லாதவர்கள்தான் அதிகம். மொட்டைமாடி, சமையலறைத் திண்டு, வண்டி நிறுத்தும் இடம், வேலைக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம், எதுவானாலும் சரி. மற்றவர்கள் எழுவதற்கு முன் கிடைக்கும் நேரம் நல்லது. கைக்குழந்தை உள்ள தாய்க்கு அது நடக்காது. குழந்தை மத்தியானம் தூங்கும் நேரமே அவருடைய நேரம். போனை வேறு அறையில் வைத்துவிட்டு அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள். போனில் வாசிக்கப் போனால் இரண்டாம் வசனத்தில் ஒரு செய்தி வந்து விழும்.

எதை வாசிப்பது? புதிதாக வந்தவர்கள் ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகிறார்கள். வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. ஒரே வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று நான்கு அதிகாரங்கள் வேண்டும். லேவியராகமத்தின் பலிச் சட்டங்களுக்கு வந்ததும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், பிறகு குற்ற உணர்ச்சியில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறு அதிகாரங்கள்தான், நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது. நாளுக்கு அரை அதிகாரம் வாசியுங்கள். இயேசு யாரிடம் பேசினார், எப்படி நடந்துகொண்டார் என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு யோவான், அப்புறம் பிலிப்பியர், எபிரெயர். பழைய ஏற்பாட்டுக்கு வரும்போது ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தின் முதல் இருபது அதிகாரங்களையும் கதையாக வாசித்துவிட்டு மேலே போகலாம்.

இரவில் ஒரு சங்கீதம் வாசியுங்கள். 150 சங்கீதங்கள், ஐந்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். (176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதத்தைப் பல நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.) சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் நடை சிலருக்குக் கடினமாக இருக்கும். அதில் தடுமாறினால் 1995ல் வெளிவந்த திருவிவிலியம் போன்ற இக்காலத் தமிழ் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பழைய மொழிபெயர்ப்பையும் விட்டுவிட வேண்டாம் என்பது என் விருப்பம். பாடல்களிலும் ஜெபங்களிலும் பிரசங்கத்திலும் அதன் வரிகள்தான் ஓடுகின்றன. மனப்பாடமாகவும் நன்றாக நிற்கும்.

ஜெபத்துக்கு ஒரு வார்த்தை. சபையில் பெரியவர்கள் எழுந்து நின்று மடைதிறந்ததுபோல ஜெபிப்பதைக் கேட்டு, "எனக்கு அப்படி வராதே" என்று கூசிப்போகிறவர்கள் நிறையப் பேர். அந்த மொழி அவர்களுக்குப் பல வருடப் பழக்கத்தில் வந்தது. நீங்கள் உங்கள் அம்மாவிடம் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். "ஆண்டவரே, இன்னைக்கு மேனேஜர்கிட்ட பேசணும், பயமா இருக்கு" என்பது முழுமையான ஜெபம். வார்த்தையே வராத நாளில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். அதுவே போதும்.

வாரத்தில் ஒரு நாளை உண்மையிலேயே ஓய்வாக்குங்கள்

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன; ஓய்வுநாளுக்கு அவை சொல்லும் காரணங்கள் வேறு. யாத்திராகமம் 20ல், தேவன் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்ததால் நீயும் ஓய்ந்திரு என்கிறது. உபாகமம் 5ல், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன்னை விடுவித்தேன், அதனால் "உன்னைப்போல உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் இளைப்பாறும்படிக்கு" நிறுத்து என்கிறது. அடிமைக்கு ஓய்வு நாள் கிடையாது. நிறுத்தத் தெரிந்தவன் விடுதலையானவன்.

நம் வீடுகளில் ஞாயிறு எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆலயம் விட்டு வந்ததும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார, பெண்கள் நேரே அடுப்படிக்குப் போய்க் கறிக்குழம்பு வைக்கத் தொடங்குவார்கள். பாத்திரம் கழுவி முடிக்கும்போது மணி நான்கு ஆகியிருக்கும். வேலைக்காரிக்கும் ஓய்வு கேட்கிற கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்களுக்கு அதை மறுப்பது பெரிய தவறு. சனிக்கிழமையே குழம்பு வைத்துவிடலாம். ஞாயிறு தயிர்சாதமும் ஊறுகாயும் என்று முடிவு செய்யலாம். ஆண்களும் பிள்ளைகளும் பாத்திரம் கழுவலாம். வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு அன்று விடுமுறை கொடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

அன்று ஆராதனைக்குப் போங்கள், தூங்குங்கள், பிள்ளைகளோடு பேசுங்கள், நடந்துவிட்டு வாருங்கள். ஆபீஸ் மெயிலைத் திறக்காதீர்கள். முதல் வருடத்தில் சபையில் ஒரு பொறுப்புக்குமேல் ஏற்காதீர்கள். "ஆள் இல்லை தம்பி, நீங்கதான் செய்யணும்" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாம் ஐயா, இப்போ உட்கார்ந்து கேட்கிறேன்" என்று அதே அன்போடு சொல்லிவிடுங்கள். இயேசுவே சீஷர்கள் ஊழியம் முடித்துத் திரும்பியபோது, சாப்பிடக்கூட நேரமில்லாத அந்த நெரிசலிலிருந்து "தனித்துச் சற்றே இளைப்பாறும்படி" அழைத்துப்போனார் (மாற்கு 6:31).

மருத்துவமனை, ஹோட்டல், துணிக்கடை, ஷிஃப்ட் வேலை என்று ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே கிடைக்காதவர்கள் குற்ற உணர்ச்சியால் நொந்துபோக வேண்டாம். முதல் கிறிஸ்தவர்களுக்கும் ஞாயிறு வேலை நாள்தான். ஏறக்குறைய கி.பி. 112ல் பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநரான பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், பிறகு கலைந்து போய், உணவுக்காக மறுபடி கூடுகிறார்கள் என்று விசாரித்தறிந்து சொல்கிறார். அவர் சித்திரவதை செய்து விசாரித்தவர்களில் இருவர் அடிமைப் பெண்கள், சபையில் பணிவிடைக்காரிகளாக இருந்தவர்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வு நாளாக அறிவித்தது 321ல்தான். அப்போதும் விவசாய வேலைக்கு விலக்கு இருந்தது. ஆகவே அதிகாலை ஆராதனைக்கோ மாலை ஆராதனைக்கோ போய்விட்டு, ஓய்வுக்கு வேறொரு அரை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை என்பதைவிட, அது தவறாமல் வருவது முக்கியம்.

தனியாக இருக்காதீர்கள்

"இன்று என்னப்படுமளவும் நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்கிறது எபிரெயர் 3:13. தனியாக இருக்கும்போது மனம் மெல்ல மெல்லக் கடினப்படும், அது நமக்கே தெரியாது. யூடியூப் பிரசங்கம் எத்தனை கேட்டாலும் நீங்கள் வராததை அந்தப் பிரசங்கியார் கவனிக்கப்போவதில்லை.

சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையானாலும் சில விஷயங்களைப் பாருங்கள். வேதாகமம் திறந்து விளக்கப்படுகிறதா? கிறிஸ்து பேசப்படுகிறாரா, அல்லது போதகரின் சாதனைகள் பேசப்படுகின்றனவா? காணிக்கைக் கணக்கு சபையாருக்குக் காட்டப்படுகிறதா? கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, அதட்டல் வருகிறதா? ஏழைகளும், எல்லாச் சாதியினரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறார்களா? "இந்தச் சபையை விட்டால் சாபம் வரும்", "இவ்வளவு காணிக்கை கொடுத்தால் கடன் தீரும்", "மாத்திரையை நிறுத்து, விசுவாசி" என்று சொல்கிற இடத்திலிருந்து தயங்காமல் வெளியே வாருங்கள். வெளியே வருவது விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்கே. அங்கே பட்ட காயத்தால் எல்லாச் சபையையும் வெறுத்துவிடவும் வேண்டாம். கொஞ்ச நாள் வேறொரு ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள்.

சபைக்குள் ஒரு பெரியவரைத் தேடிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு ஓர் அண்ணனோ ஐயாவோ, பெண்களுக்கு ஓர் அக்காவோ அம்மாவோ. மேடையில் பேசுகிறவராக இருக்க வேண்டியதில்லை. கஷ்டத்தைப் பார்த்தும் கசப்படையாதவர்களைத் தேடுங்கள். பெரும்பாலும் பின்வரிசையில் இருப்பார்கள். "மாதம் இரண்டு தடவை உங்களைப் பார்த்துப் பேசலாமா?" என்று நேராகக் கேளுங்கள். போகும்போது உங்களை உண்மையில் உறுத்துகிற விஷயத்தைக் கொண்டுபோங்கள். "உங்களுக்கு விசுவாசமே போய்விட்டதுபோல இருந்த காலம் உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிரசங்கத்தில் கிடைக்காதது அந்தப் பதிலில் கிடைக்கும்.

வேறு சமயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு வீடே பெரிய போராட்டமாக இருக்கலாம். வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அப்பா அம்மாவின் சாமி படங்களைப் பழிக்காதீர்கள். அது அன்புக்கு விரோதம். அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது, தங்கச்சி கல்யாணச் செலவில் தோள் கொடுப்பது, முன்பைவிடப் பொறுமையாகப் பேசுவது, இவற்றில் உங்கள் மாற்றம் தெரியட்டும். உங்கள் மனச்சாட்சி இடம்கொடுக்காத இடத்தில் மட்டும் மரியாதையோடு ஒதுங்கி நில்லுங்கள். வீட்டில் சொல்வதற்கு ஏற்ற நேரம் எது என்பதை உங்கள் சபைப் பெரியவரோடு பேசித் தீர்மானியுங்கள்.

வறண்ட காலம் வரும்போது

வரும். அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் பாதி பலம் போய்விடும் அதற்கு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399ல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதைத் துல்லியமாக எழுதிவைத்திருக்கிறார். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை ஒரு சோர்வு துறவியைத் தாக்கும். சூரியன் நகரவே இல்லை, பகல் ஐம்பது மணி நேரம் நீளம் என்று தோன்றும். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கச் சொல்லும். இந்த இடம் பிடிக்காமல் போகும். சகோதரர்களிடம் அன்பே இல்லை, ஆறுதல் சொல்ல ஆளில்லை என்று சொல்லும். வேறு ஊருக்குப் போனால் நன்றாக இருக்கும், கடவுளை எங்கும் தொழலாமே என்று தூண்டும். கடைசியில் முன்னால் கிடக்கும் நெடிய வாழ்நாளைக் காட்டிப் பயமுறுத்தும். 1600 வருடங்களுக்கு முந்தைய இந்த விவரிப்பில் இன்றைய மனிதர் ஒவ்வொருவரும் தன்னைப் பார்க்கலாம். அவர் சொன்ன மருந்து எளியது: அந்த நேரத்தில் அறையை விட்டுப் போகாதே. தாக்குதல் ஓய்ந்த பிறகு ஆழ்ந்த சமாதானம் வரும் என்கிறார்.

ஆகவே வறண்ட காலத்தில் பெரிய முடிவுகளை எடுக்காதீர்கள். சபையை மாற்றுவது, ஊழியத்தை உதறுவது, "எனக்கு விசுவாசமே இல்லை" என்று அறிவிப்பது, எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். பதினைந்து நிமிடத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உணர்ச்சி இல்லாமல் வாசித்த சங்கீதமும் சங்கீதம்தான். 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். அது தொடக்கத்திலிருந்து முடிவுவரை புலம்பல். கடைசியில்கூட ஆறுதலான ஒரு வரி கிடையாது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார் தேவன். அப்படிப்பட்ட நாளில் சொல்வதற்கு நமக்கு ஒரு ஜெபத்தை அவரே தந்திருக்கிறார்.

அன்னை தெரசா 1997ல் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2007ல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது உலகம் திகைத்தது. பல பத்தாண்டுகளாகத் தேவனுடைய பிரசன்னத்தை உணர முடியாத இருளில் அவர் இருந்திருக்கிறார். அந்த வருடங்கள் முழுவதும் காலையில் எழுந்து ஜெபித்தார். சாகக்கிடந்தவர்களைத் தூக்கிக் கழுவினார். உணர்வு வற்றிப்போனதால் விசுவாசம் செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் அந்த வாழ்க்கையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் மறைக்காதீர்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறிய தகப்பனை (மாற்கு 9:24) இயேசு திட்டி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். கேள்விகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக விவரமறிந்தவரிடம் கேளுங்கள். சில கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும், சில கேள்விகளோடு வாழக் கற்றுக்கொள்வோம்.

உடம்பையும் கவனியுங்கள்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. கர்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்ற தீர்க்கதரிசி எலியா, அரசி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவன் அப்போது உபதேசம் பண்ணவில்லை. தூங்கவிடுகிறார். தூதன் தட்டி எழுப்பினால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாம் தடவையும் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சாப்பிடச் சொல்கிறான் தூதன். பேச்சுவார்த்தையெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

ஆவிக்குரிய சோர்வு என்று நீங்கள் நினைப்பது பல நேரம் ஐந்து மணி நேரத் தூக்கமாகவும், காலைச் சாப்பாட்டைத் தவிர்த்ததாகவும் இருக்கும். வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் போவதும் மாத்திரை சாப்பிடுவதும் அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லூக்கா ஒரு வைத்தியர். பவுல் அவரைப் "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கிறார்.

இரவு படுக்கும்முன் மனதில் சுற்றுகிற கவலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" (1 பேதுரு 5:7) என்ற வசனத்தைச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அவரிடம் கொடுங்கள். தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். நாளைக்குச் செய்ய வேண்டியதை நாளைக்குச் செய்யலாம்.

நோய் தீரவே தீராது என்ற நிலையிலும் இளைப்பாறுதல் உண்டா? திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931ல் விழுந்து அடிபட்டார். அதன் பிறகு 1951ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழிந்தன. வலி தீரவில்லை. அந்த அறையிலிருந்துதான் எழுதினார், பிள்ளைகளிடம் பேசினார், வந்தவர்களுக்காக ஜெபித்தார். குணமாகாதவர்களிடம் "விசுவாசம் போதவில்லை" என்று சொல்கிறவர்கள் இந்த வாழ்க்கைக்கு என்ன பதில் சொல்வார்கள்?

விட்டுப்போனால் திரும்புவது எப்படி

நீங்கள் விழுவீர்கள். பழைய குடிப்பழக்கம் ஓர் இரவு திரும்பலாம், கோபம் வெடிக்கலாம், ஆபாசப் படங்களுக்குப் போகலாம், அல்லது ஒன்றும் செய்யாமலே மூன்று மாதம் ஆலயப் பக்கம் எட்டிப்பார்க்காமல் இருந்திருக்கலாம். சீஷரான பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவருக்குச் சொன்னார்: "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார் (யோவான் 21). கேள்வி கேட்டது சாப்பிட்ட பிறகு. நாம் நிலைத்திருப்பது நம்முடைய பிடியின் பலத்தால் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது தவறவிட்ட நாட்களுக்குக் கணக்குப் போடாதீர்கள். விட்டுப்போன அதிகாரங்களைச் சேர்த்து வாசிக்க முயலாதீர்கள். "இனிமேல் தினமும் இரண்டு மணி நேரம்" என்று பொருத்தனை பண்ணாதீர்கள். பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். 1 யோவான் 1:9ஐ வாசியுங்கள். யாருக்கு நஷ்டம் உண்டாக்கினீர்களோ அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். பணமென்றால் திருப்பிக் கொடுங்கள். அன்று இரவு எந்தச் சங்கீதம் கையில் வருகிறதோ அதை வாசித்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலை பழையபடி பதினைந்து நிமிடம்.

உங்கள் பெரியவருக்குப் போன் செய்து, "இடையில் விட்டுட்டேன், இந்த ஞாயிறு வர்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள்; விளக்கமெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். வாசலில் "எங்க, ஆளையே காணோம்?" என்று யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் பாசத்தில்தான் கேட்கிறார்கள். "வந்துட்டேன்ல அண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் முடிந்தால் திருவிருந்து கொடுக்கப்படும் ஞாயிறாகப் பார்த்துப் போங்கள்.